நிலாவை அதிகம் இழுப்பது யார்?

பூமி இழுப்பதால் நிலா நம்மைச் சுற்றுகிறது என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். உண்மைதான். ஆனால் அதே நிலாவைப் பூமியைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சூரியன் இழுக்கிறது. பல நிறைகளின் ஈர்ப்புப் புலத்தைக் கணக்கிடும் பதினோராம் வகுப்புப் பாடத்துக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைப்பது அரிது.

ஓரிடத்தில் ஒரு கிலோ நிறையை வைத்தால் அதன்மீது எவ்வளவு விசை, எந்தத் திசையில் செயல்படும் என்பதே அந்த இடத்தின் ஈர்ப்புப் புலம். ஈர்ப்பு மாறிலியை (G எனப்படும் மாறாத எண்ணை) நிறையால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அளவு வந்துவிடும். நிலாவுக்கும் பூமிக்கும் இடையே சராசரியாக 3,84,400 கி.மீ. அங்கே பூமியின் புலம் கிலோவுக்கு 0.0027 நியூட்டன். சூரியன் 15 கோடி கி.மீ. தள்ளி இருந்தாலும் அதன் நிறை பூமியைப் போல் சுமார் 3,33,000 மடங்கு. அதனால் அதன் புலம் 0.0059.

சரி, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? 0.0086 என்று சட்டென்று கூட்டிவிடத் தோன்றும். மதிப்பெண் போவது இங்கேதான். புலம் ஒரு திசையன், அதாவது அளவோடு திசையும் கொண்டது. ஒவ்வொரு நிறையின் புலத்தையும், மற்றது இல்லவே இல்லை என்பதுபோல் தனியாகக் கண்டுபிடித்து, அப்புறம் திசையோடு சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பௌர்ணமியன்று நிலாவிலிருந்து பார்த்தால் பூமியும் சூரியனும் ஒரே பக்கம். அன்றைக்கு 0.0086 சரியான விடை. அமாவாசையன்று நிலா நடுவில் நிற்கிறது. இரண்டு இழுப்பும் எதிரெதிர். கழித்தால் 0.0032, அதுவும் சூரியனை நோக்கி. பாதி நிலா தெரியும் நாளில் இரண்டு திசைகளும் செங்கோணத்தில் இருக்கும். பிதாகரஸ் தேற்றப்படி 0.0065 வரும், தொகுபயன் (இரண்டும் சேர்ந்த மொத்தப் புலம்) சூரியனின் திசையிலிருந்து ஏறத்தாழ 25 டிகிரி பூமிப் பக்கம் சாய்ந்திருக்கும். இடைப்பட்ட நாட்களுக்கு ஒவ்வொரு புலத்தையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கூறுகளாகப் பிரித்துக் கூட்டினால் போதும்.

எந்த நாளில் கணக்கிட்டாலும் தொகுபயன் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் திரும்புவதே இல்லை. ஆகவே சூரியனைச் சுற்றும் நிலாவின் பாதை எப்போதும் சூரியன் பக்கமே வளைகிறது. அதைச் சுருள் சுருளாகக் காட்டும் படங்கள் தவறு.

அப்படியானால் நிலா ஏன் நம்மை விட்டுப் போய்விடவில்லை? சூரியன் பூமியையும் கிலோவுக்கு அதே 0.0059 அளவில் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தே வளைகின்றன. நிலாவைப் பிரிக்கப் பார்ப்பது அந்த இரு இழுப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அது அதிகபட்சம் சுமார் 0.00003. பூமியின் பிடி அதைப் போல் ஏறக்குறைய 90 மடங்கு.