காசநோய்க்கு மருந்து எழுதிவிட்டார்களா? நிக்ஷய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

தனியார் டாக்டரிடம் மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டு, எல்லாச் செலவையும் கைக்காசில் செய்து முடித்த பிறகு, "அரசு உதவித்தொகை உண்டாமே?" என்று கேட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உண்டுதான். ஆனால் அதைச் சிகிச்சை நடக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

காசநோய் என்று கண்டுபிடித்தால் தனியார் டாக்டரும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012 மே மாதம் முதல் விதி இதுதான். 2018 மார்ச்சில் வந்த அறிவிக்கை லேப், மருந்துக்கடை எல்லோரையும் இதில் சேர்த்தது. தெரிவிக்காதவர்மேல் தண்டனைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் வழி செய்தது. தகவல் நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் ஏறியதும் நோயாளிக்கு ஓர் எண் விழும். உதவித்தொகை, இலவச மருந்து, வீட்டில் உள்ளவர்களுக்குப் பரிசோதனை எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான்.

உதவித்தொகை முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 1000. ஆறு மாதச் சிகிச்சைக்கு 6000 ரூபாய். முதல் 3000 ஆரம்பத்திலேயே, அடுத்த 3000 சிகிச்சையில் 84 நாள் முடிந்த பிறகு. வருமான வரம்பு கிடையாது. யாராவது வருமானச் சான்றிதழ் கேட்டால், எந்த உத்தரவின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

சரி, எங்கே தடுக்கிறது? முதல் தடை டாக்டரின் அறையிலேயே இருக்கிறது. "பதிவு பண்ணினா வீட்டுக்கு ஆள் வரும், தெருவுக்கே தெரிஞ்சுடும், வேண்டாம்" என்று ஏதோ நமக்கு உபகாரம் செய்வதுபோலச் சொல்வார்கள். இன்னும் சிலர் "பதிவு பண்ணினா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்பார்கள். இரண்டாவது உண்மையே இல்லை. பதிவு செய்த பிறகும் அதே டாக்டரிடம் தொடரலாம், உதவித்தொகையும் வரும். வீட்டுக்கு ஆள் வருவது உண்மை. அது பிடிக்காவிட்டால் சுகாதார நிலையத்திலேயே வந்து பார்ப்பதாகப் போனில் சொல்லிவிடலாம். இத்தனைக்கும், தகவல் தரும் தனியார் டாக்டருக்கு 500 ரூபாயும், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500-ம் அரசே கொடுக்கிறது.

இதற்காக டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மருந்து எழுதுபவர் அவர்தான். "நிக்ஷய் நம்பர் வேணும் டாக்டர்" என்று ஒருமுறை கேளுங்கள். இழுத்தடித்தால் லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றின் நகலோடு மாவட்டக் காசநோய் மையத்துக்கோ அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்கோ நேரே போங்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். மருந்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். திட்டம் சிகிச்சையில் இருப்பவர்களுக்கானது.

இன்னொரு வழக்கமான பதில்: "சளியில கிருமி இல்லையே, உங்களுக்கு எப்படிப் பதியறது?" கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, வயிறு என்று நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் சளியில் கிருமி தெரியாமலே இருக்கலாம். எக்ஸ்ரேயையும் அறிகுறிகளையும் வைத்து டாக்டர் முடிவு செய்து மருந்தைத் தொடங்கினாலும் அது காசநோய்தான், பதிய வேண்டியதுதான். சளி ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல், டாக்டர் நோயின் பெயரை எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

எண் கிடைத்த பிறகுதான் பணத்துக்கான அலைச்சல் ஆரம்பம். காசநோய்ப் பிரிவில் "நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க" என்பார்கள். பேங்கில் "எதுவும் வரலை" என்பார்கள். நடுவில் இருமிக்கொண்டு நிற்பது நோயாளி. பல நேரம் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியிருக்கும், கேஒய்சி புதுப்பித்திருக்க மாட்டார்கள், அல்லது வங்கிக் கிளையின் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீட்டைக் கொடுத்திருப்பார்கள். சிண்டிகேட், ஆந்திரா, அலகாபாத் போன்ற வங்கிகள் 2020-ல் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. அந்தப் பழைய பாஸ்புக்கின் நகலைக் கொடுத்தால் பணம் வராது. கணக்கே இல்லாதவர் நெருங்கிய ரத்த உறவின் கணக்கைத் தர இடமுண்டு. முதலில் அதைக் கேட்டுக்கொண்டு, பிறகு புதுக்கணக்குக்கு அலையுங்கள்.

வேலைக்காக வேறு மாவட்டம் போகிறவர்கள் புதிதாகப் பதிய ஒத்துக்கொள்ளவே கூடாது. நிக்ஷய் எண் இந்தியா முழுக்க ஒன்றுதான், பழைய பதிவை அப்படியே புது ஊருக்கு மாற்ற முடியும். இரண்டாவது முறை பதிந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகி, இரட்டைப் பதிவு என்று பணம் நிற்கும். அப்புறம் இரண்டு மாவட்டமும் ஒன்றையொன்று கைகாட்டும். கிளம்பும் முன் "டிரான்ஸ்ஃபர் போடுங்க" என்று கேளுங்கள், கையில் குறைந்தது ஒரு மாத மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தாமதமானாலும் மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.

வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டு வேலை நடக்காவிட்டால், மாவட்டக் காசநோய் அதிகாரிக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். அதில் நிக்ஷய் எண், சிகிச்சை தொடங்கிய தேதி, வங்கிக் கணக்கு எண் மூன்றும் இருக்கட்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். அசையவில்லை என்றால் அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.