ரப்பர் பாலும் மரச்சீனி நஞ்சும்: ஒரே குடும்பத்தின் தற்காப்புக் கலை

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் நிற்காத சரிவைக் காண்பது அரிது. அங்கே வீட்டுக் கொல்லையில் நாலு மூடு மரச்சீனியும் (மரவள்ளி) இருக்கும். ஒன்று ஓங்கி வளரும் மரம். மற்றது கம்பை வெட்டி நட்டால் முளைத்துக் கிழங்கு தரும் பயிர். பார்வைக்கு எந்த உறவும் தெரியாது. ஆனாலும் இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் இதை யூஃபோர்பியேசியே என்பார்கள். 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. வேலிக் கள்ளி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, காட்டாமணக்கு எல்லாம் இதன் உறுப்பினர்கள். நெல்லியும் கீழாநெல்லியும்கூட ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தன, டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பிறகு அவை தனிக் குடும்பமாகப் பிரிந்துவிட்டன.

உறவைக் கண்ணால் காண வேண்டுமானால் காயைப் பாருங்கள். ஆமணக்குக் காயும் ரப்பர் காயும் மூன்று அறைகளாகப் பிளவுபட்டு, அறைக்கொரு விதையாக இருக்கும். காய்ந்ததும் தோட்டத்தில் பட்டென்று ஓசை கேட்கும்படி வெடித்துச் சிதறும். மரபணுவும் இதே உறவைச் சொல்கிறது. ரப்பருக்கும் மரச்சீனிக்கும் 18 ஜோடி குரோமோசோம்கள். இரண்டும் பிரிவதற்கு முன்பே அவற்றின் பொது மூதாதையின் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. அந்த இரட்டிப்பின் தடயம் இன்றும் இரண்டிலும் கிடக்கிறது. இரண்டுக்கும் பூர்வீகம் அமேசான் நிலப்பரப்புதான்.

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: ஓட முடியாத ஓர் உயிர், தன்னைத் தின்ன வருபவரை எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் பால். ரப்பர் மரப்பட்டையின் உள்ளடுக்கில் நுண்ணிய பால்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுகின்றன. அவை நேர்செங்குத்தாக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் பால்வெட்டுக் கத்தி இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது. அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். விடியும் முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு, குழாய்க்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்துவிடும்.

சிரட்டையில் சொட்டும் பாலில் ரப்பர் துகள்கள் மட்டுமில்லை, நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. வெட்டு விழுந்ததும் அந்தப் பைகள் உடைந்து ஹெவின் என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. அது துகள்களை ஒன்றாக்கிக் குழாய்வாயை அடைக்கிறது. சில மணி நேரத்தில் பால் நின்றுபோகும். மறுநாள் வெட்டுக்கோட்டிலிருந்து உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், மரம் தன் காயத்துக்குத் தானே போட்ட கட்டு. ஹெவினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள கைட்டினைப் பற்றி அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும்.

ஒருமுறை உருவாக்கிய ரப்பரை மரத்தால் மீண்டும் சிதைத்து உணவாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே அது சேமிப்பு அல்ல, பாதுகாப்புச் செலவு என்பதே ஏற்கத்தக்க விளக்கம். இலையைக் கடிக்கும் பூச்சியின் வாயை அது ஒட்டிவிடும். பூச்சிகளும் சும்மா இருக்கவில்லை. சில இனங்கள் முதலில் இலை நரம்பைக் கத்தரித்துப் பாலை வடியவிட்டு, பிறகு நரம்புக்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்கின்றன. 1991இல் வெளியான ஓர் ஆய்வு, பால் அல்லது பிசின் குழாய் கொண்ட 16 தாவரக் கிளைகளை குழாய் இல்லாத நெருங்கிய சகோதரக் கிளைகளோடு ஒப்பிட்டது. 13இல் குழாய் உள்ள கிளையே அதிக இனங்களாகப் பெருகியிருந்தது.

இரண்டாவது ஆயுதம் சயனைடு. மரச்சீனி செல்லுக்குள் லினமரின் என்ற சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரிலும் பால்குழாயிலும் தனியே இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால்தான் சிவப்பு பிறக்கும். அதுபோல, திசு நசுங்கி இரண்டும் சேர்ந்தால்தான் ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு சுருண்டு விழுவது இதனால்தான்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் ஊக்குவிக்கப்பட்ட இந்தக் கிழங்கு, இங்கே மீன்கறியோடு பிரிக்க முடியாத உணவாகிவிட்டது. தோலில் நஞ்சு மிகுதி. அதைத் தடிமனாக உரிக்க வேண்டும். பெரிய துண்டாகக் கொதிநீரில் போட்டால் சூட்டில் நொதி செயலிழக்கும், லினமரின் உடையாமல் தங்கிவிடும். சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் அது நீரில் கரைந்து வெளியேறும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கத்தை யாரும் கைவிட வேண்டாம்.

மூன்றாவது உத்தி இனிப்பு. ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். இளந்தளிர் முதிரும் நாட்களில் அங்கே சிறு மேடுகள் பளபளக்கும், தொட்டால் விரல் ஒட்டும். அவை பூவுக்கு வெளியே அமைந்த தேன்சுரப்பிகள். இலையுதிர்வு முடிந்து மரம் துளிர்க்கும் மாதங்களில் மார்த்தாண்டம் தேனீப் பெட்டிகளில் நிறையும் தேனில் பெரும்பங்கு இந்த இலைத்தேன்தான். மரமோ இதைத் தேனீக்காகச் சுரக்கவில்லை. இத்தகைய சுரப்பிகள் எறும்புகளை அழைத்துவந்து, இலை தின்னும் பூச்சிகளை விரட்ட உதவுகின்றன. இதே குடும்பத்து மகரங்கா மரத்தில் 2001இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது: இலை காயம்பட்டால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற சமிக்ஞை வழியாகத் தேன்சுரப்பு கூடுகிறது.

ஆயுதம் சில வேளை உடையவரையே வெட்டும். ரப்பர் இலையிலும் லினமரின் உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை சயனைடைத் தாங்கும் திறன் பெற்றது. அது தாக்கும்போது வெளியாகும் சயனைடு, பூஞ்சையைக் கொல்வதற்குப் பதில் இலையின் பிற எதிர்ப்பு வினைகளை முடக்குகிறது. 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய பெருந்தோட்டத்தை வீழ்த்தியதில் இந்நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1945இல் அதை விற்றுவிட்டார்கள்.

அந்தப் பூஞ்சை ஆசியாவில் இன்னும் கால் வைக்கவில்லை. நம் தோட்டங்களோ, 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் குறுகிய வழித்தோன்றல்களாலும், ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரு சில ரகங்களாலும் நிரம்பியவை. நோய் நுழைந்தால் மரத்துக்கு மரம் எதிர்ப்பில் வேறுபாடு குறைவாகவே இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வரும் ரப்பர் கன்றையும் ஒட்டுக்கண்ணையும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அத்தனை கண்டிப்போடு தடுப்பது இதற்காகத்தான்.