காயத்தைத் தொட்டு அறியும் மூளைச் செல்கள்

எலியின் மண்டையோட்டில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்துவிட்டு, அதன் வழியே உயிருள்ள மூளையை இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியால் பார்க்க முடியும். பச்சை நிறத்தில் ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட எலி என்றால், மைக்ரோகிளியா எனப்படும் செல்கள் மெல்லிய கிளைகளை நாற்புறமும் நீட்டுவதும் மடக்குவதுமாக இருப்பது தெரியும். 2005-இல் நியூயார்க்கிலும் ஜெர்மனியின் ஹைடல்பெர்கிலும் இயங்கிய இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. அதற்கு முன்பு, காயம் நேரும்வரை இச்செல்கள் உறங்கிக் கிடக்கின்றன என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. லேசர் கற்றையை ஒரே இடத்தில் குவித்து, தலைமுடியின் குறுக்களவைவிடச் சிறிய ஒரு புள்ளியைச் சுட்டதும், சுற்றியிருந்த செல்களின் கிளைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. அரை மணி நேரத்துக்குள் அவற்றின் நுனிகள் ஒன்றுசேர்ந்து காயத்தைச் சுற்றி வேலி கட்டிவிட்டன. செல்களின் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. கை மட்டும்தான் நீண்டது.

கண்ணும் மூக்கும் இல்லாத செல்லுக்கு அடிபட்ட இடம் எப்படித் தெரிந்தது என்பதைப் பார்க்கும் முன், இந்தச் செல்களைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பணு அல்லாத செல்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் உள்ளன, அவற்றில் பெரும்பகுதி கிளியா செல்கள். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1850-களில் இவற்றை நரம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை என்று கருதி, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். கருத்து பிழையாகிப் போனது, பெயர் ஒட்டிக்கொண்டது. 1919-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஹோர்ட்டேகா, வெள்ளி உப்புகளால் சாயமேற்றும் முறையைக் கொண்டு மைக்ரோகிளியாவைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். இவை பிறப்பால் மூளையைச் சேர்ந்தவை அல்ல. கருவின் மஞ்சள் கருப் பையில் தோன்றி, கரு வளரும்போதே மூளைக்குள் குடியேறிவிடும் நோயெதிர்ப்புச் செல்கள். நட்சத்திர வடிவக் கிளியா செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளோ நரம்பணுக்களுக்கு உடன்பிறப்புகள் போல, ஒரே வகை மூலச் செல்களிலிருந்து உருவாகின்றன.

இனி விடைக்கு வருவோம். எல்லாச் செல்களும் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்னும் மூலக்கூறு செல்லுக்குள் மிகச் செறிவாகவும், செல்லுக்கு வெளியே அதில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்காகவும் இருக்கிறது. செல் கிழிந்தால் உள்ளே இருந்த ஏடிபி வெளியே கொட்டிவிடும். ஆபத்தை அறிவிப்பதற்கென்று எந்தப் பொருளையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை; வீட்டுக்குள் இருக்க வேண்டிய அரிசி தெருவில் சிதறிக் கிடந்தால் மூட்டை கிழிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் அறிவதைப் போல, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதே அதைச் செய்தியாக்குகிறது. நியூயார்க் குழுவினர் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். காயமே செய்யாமல் நுண்குழாய் வழியாக ஏடிபியை மட்டும் மூளைக்குள் செலுத்தியபோது கிளைகள் அதே போலத் திரண்டு வந்தன. ஏடிபியைச் சிதைக்கும் நொதியை முதலில் பரப்பிவிட்டு லேசரால் சுட்டபோது கிளைகள் காயத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை.

ஏடிபி வெளியே வந்ததும் ஒரு பாஸ்பேட்டை இழந்து, தன் தம்பியான அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறுகிறது. அதை உணரும் ஏற்பி மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் நிறைந்திருக்கிறது. அதன் பெயர் பி2ஒய்12. இந்த ஏற்பியை நம்மில் பலர் அறியாமலே அறிந்திருக்கிறோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எழுதித் தரும் குளோபிடோக்ரல் மாத்திரை, இரத்தத் தட்டணுக்களில் உள்ள இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. குழாயில் கிழிசல் ஏற்பட்டால் தட்டணுவும், திசுவில் கிழிசல் ஏற்பட்டால் மைக்ரோகிளியாவும் ஒரே பூட்டை வைத்துக்கொண்டு ஒரே சாவிக்குக் காத்திருக்கின்றன. காயத்தின் அருகே வந்து சேர்ந்தபின் மைக்ரோகிளியா இந்த ஏற்பியைக் குறைத்துக்கொண்டு, கிளைகளை உள்ளிழுத்து, அமீபாவைப் போல உருண்டுவிடுகிறது. அடுத்ததாக, சிதைந்த நரம்பணுக்களிலிருந்து கசியும், ஏடிபியை ஒத்த யூடிபி என்ற பொருளிலிருந்து உண்டாகும் இன்னொரு மூலக்கூறு வேறோர் ஏற்பியைத் தூண்டுகிறது. அப்போதுதான் விழுங்கும் வேலை தொடங்குகிறது. தேடி வரச் சொல்லும் குறிப்பும் உண்ணச் சொல்லும் குறிப்பும் இப்படி வெவ்வேறானவை.

ஆஸ்ட்ரோசைட்டுகளின் பதில் மெதுவானது, ஆனால் நெடுநாள் நீடிப்பது. அவற்றுக்குள் கால்சியம் அயனிகளின் அளவு உயர்ந்து, அந்த உயர்வு செல் விட்டுச் செல் அலையாகப் பரவுகிறது. வழியில் அவையும் ஏடிபியை வெளியிட்டுச் செய்தியை நீட்டிக்கின்றன. பின்னர் வரும் நாள்களில் செல் பருத்து, ஜிஎஃப்ஏபி என்ற இழைப் புரதம் உள்ளே பெருகுகிறது. செல்கள் உடைந்தால் இப்புரதம் இரத்தத்திலும் கலப்பதால், தலையில் அடிபட்டவருக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2018-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மைக்ரோகிளியா சுரக்கும் சில புரதங்கள் சேர்ந்து ஆஸ்ட்ரோசைட்டையே நரம்பணுவுக்கு நஞ்சாக மாற்றிவிடக்கூடும் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செல்களை நல்லவை, கெட்டவை என்று இரண்டே கட்சியாகப் பிரிக்கும் பழக்கம் அதன்பின் பரவியதும், அது போதாது என்று இத்துறையினரே இப்போது சொல்வதும் தனிக் கதை.

இதுவரை சொன்னவை அனைத்தும் வேதிச் செய்திகள். ஆனால் பைக்கிலிருந்து விழுந்தவரின் தலை தரையில் மோதும்போது செல்லை முதலில் எட்டுவது வேதிப்பொருள் அல்ல, இழுவிசை. ஆஸ்ட்ரோசைட்டுகளை நெகிழும் படலத்தின் மேல் வளர்த்து, படலத்தைச் சட்டென்று இழுத்தால், செல் கிழியாமலேயே உள்ளே கால்சியம் உயர்கிறது, வெளியே ஏடிபி வருகிறது. தொடுகை இங்கே வேதிமொழிக்குப் பெயர்க்கப்படுகிறது. செல்சவ்வு இழுபடும்போது திறந்துகொள்ளும் அயனிக் கதவுகளில் முக்கியமான பியேசோ1-ஐ ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010-இல் கண்டுபிடித்தனர். அழுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். தொடுவுணர்வு பற்றிய இப்பணிக்காகப் பட்டபூட்டியனுக்கும், வெப்பத்தை உணரும் ஏற்பிகள் பற்றிய பணிக்காக டேவிட் ஜூலியஸுக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தக் கதவு ஆஸ்ட்ரோசைட்டிலும் மைக்ரோகிளியாவிலும் உண்டு.

மோதல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். அதன்பின் கிளியா செல்கள் உணர்வது தம்மைச் சுற்றியுள்ள திசு எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதை. மூளை இளநீர் வழுக்கையைப் போன்ற குழைவான பொருள். அதன் விறைப்பு ஒரு கிலோபாஸ்கலை ஒட்டியது. ஆய்வகங்களில் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டோ அதைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் விறைப்பானது. தட்டில் வளர்ந்த ஆஸ்ட்ரோசைட், காயம் என்று எதுவுமே நேராதபோதும், காயம்பட்ட மூளையில் இருப்பதைப் போலத் தட்டையாகப் பரந்து ஜிஎஃப்ஏபியைப் பெருக்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டில் நடந்த சோதனைகளை வாசிக்கும்போதெல்லாம் இதை ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது. மூளையின் மென்மைக்கு ஈடாகத் தயாரித்த கூழ்மத்தின் மேல் அதே செல்கள் ஒடுங்கி அமைதியாக இருக்கின்றன. மென்மையும் விறைப்பும் படிப்படியாக மாறும் பரப்பில் விட்டால் மைக்ரோகிளியா விறைப்பான பக்கம் நோக்கி நகர்கிறது.

தோலில் ஆறிய புண்ணின் தழும்பைத் தடவினால் கெட்டியாக இருக்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் கிளியா செல்கள் எழுப்பும் வடுவும் அப்படிப்பட்ட கெட்டிச் சுவர்தான், அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதை அதுதான் தடுக்கிறது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2017-இல் வெளியான ஆய்வில், காயம்பட்ட எலிகளின் மூளைப் புறணியையும் தண்டுவடத்தையும் நுண்ணிய ஊசிமுனைக் கருவியால் அங்குலம் அங்குலமாக அல்ல, மைக்ரோமீட்டர் கணக்கில் அழுத்திப் பார்த்தார்கள். வடு விழுந்த திசு, நலமான திசுவைவிட மென்மையாக இருந்தது. வளர்ந்து செல்ல ஊன்றிக்கொள்ளப் பிடிமானம் தேடும் நரம்பிழைக்குச் சுவரைவிடச் சேறு பெரிய தடையாக இருக்கலாம் என்பது இதிலிருந்து எழும் ஊகம்.

சுவர் என்ற உவமை வேறு வழியிலும் ஆட்டம் கண்டிருக்கிறது. வடுவில் படியும் காண்ட்ராய்ட்டின் சல்பேட் புரதங்கள் நரம்பிழையை நிறுத்துவது மெய்தான். அவற்றை அரிக்கும் பாக்டீரிய நொதியைச் செலுத்தியபோது தண்டுவடம் நசுங்கிய எலிகள் ஓரளவு இயக்கத்தை மீட்டதை 2002-இல் கண்டார்கள். ஆனால் 2016-இல், வடு உருவாவதையே மரபணு வழியில் தடுத்துப் பார்த்தபோது நரம்பிழைகள் வளரவில்லை. வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோதோ, வடு இருந்த எலிகளில் இழைகள் அதனூடாகவே வளர்ந்தன. ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்தைச் சுற்றி வளைக்காவிட்டால் அழற்சி அக்கம்பக்கத்து நலமான திசுவுக்கும் பரவுகிறது என்பது அதற்கும் முன்பே தெரிந்த ஒன்று. வடுவை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை என்றே நான் கருதுகிறேன்.

வேதிச் செய்தி ஓய்ந்தபின்பும் தொடுகைச் செய்தி ஓயாமல் இருக்க முடியுமா? மூளைக்குள் மின்முனை பொருத்தப்படும் இடத்தில் இதைக் காணலாம். சிலிக்கான் முனை, மூளையைப் போலப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. குத்திய காயம் சில வாரங்களில் தணிந்தாலும், முனையைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகளும் மைக்ரோகிளியாவும் உறை கட்டி நிற்கின்றன. உறை தடிக்கத் தடிக்க நரம்பணுவின் மின்குறிப்பு முனையை எட்டுவது குறைகிறது. மென்மையான கூழ்மம் பூசிய பொருளை எலி மூளையில் வைத்தால் இந்த உறை மெலிதாகவே இருக்கிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மூளை சற்றே விம்மி அடங்குகிறது. விறைத்த முனை அதனுடன் சேர்ந்து அசைவதில்லை. மனித மூளை என்றால், அந்த இடைவெளியில் இருக்கும் செல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுபது முறை இழுபடுகின்றன.