சரணாலயம்: சொல் விளக்கம்

சரணாலயம் (பெயர்ச்சொல்): காட்டுயிர்களை வேட்டையாடக் கூடாது, அவற்றின் வாழிடத்தைக் குலைக்கக் கூடாது என்று அரசு சட்டப்படி எல்லை வகுத்து அறிவித்த நிலம் அல்லது நீர்ப்பரப்பு. தமிழ்: புகலிடம்.

சரண, ஆலய என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்து பிறந்த சொல் இது. சரண என்றால் தஞ்சம், காப்பு. ஆலய என்றால் குடியிருக்கும் இடம். பனி குடியிருப்பதால்தான் ஹிமாலயம். வடமொழியில் எந்த உறைவிடத்துக்கும் பொருந்துகிற இந்த ஆலயம், தமிழுக்கு வந்தபின் கோயிலாகச் சுருங்கிவிட்டது. அதனால் சரணாலயம் என்று கேட்டதும் நம் காதில் லேசாக ஒரு கோயில் மணி ஒலிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எதற்கு ஈடாக இந்தச் சொல்லை ஆக்கினார்களோ அந்த ஆங்கிலச் சொல்லும் கோயிலில் பிறந்ததுதான். சாங்க்சுவரிக்கு மூலமான லத்தீன் சொல், திருப்பொருள்களை வைக்கும் புனித இடத்தைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் தேடப்படுகிறவன் தேவாலயத்துக்குள் ஓடிவிட்டால், துரத்தி வந்தவர்கள் அவன்மேல் கைவைக்க முடியாது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உரிமையைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். மனிதருக்கு நின்றுபோன சலுகையின் பெயர் பிறகு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அக்கம்பக்கத்து மொழிகள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. இந்தியில் அபயாரண்யம், அதாவது அச்சமற்ற காடு. சிங்களத்தில் அபயபூமி. கன்னடத்தில் பறவைகளுக்கான இடம் பட்சிதாமம். மலையாளத்தில் சங்கேதம். இவற்றில் எனக்குப் பிடித்தது அபயாரண்யம்தான். பாதுகாப்பவரைப் பற்றி அது பேசவே இல்லை; அங்கே வாழும் உயிரின் மனநிலையைச் சொல்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? சரண் புகுந்தான், தஞ்சம் புகுந்தான், அடைக்கலம் புகுந்தான் என்று பேசுகிறோம். முன்னால் வரும் சொல் மாறிக்கொண்டே இருக்கிறது, புகு என்ற வினை மட்டும் நகரவில்லை. அந்த வினையிலிருந்தே புகல், அதிலிருந்தே புகலிடம். சரணை எடுத்துவிட்டாலும் பொருள் குறையாமல் நிற்கும் தமிழ்ச் சொல் அது. ‘புகல்’ சொல்லுதல் என்ற பொருளிலும் வரும். அது வேறு கதை.

அடைக்கலம் என்ற சொல்லும் போட்டியில் உண்டு. சிட்டுக்குருவிக்கு அடைக்கலாங்குருவி என்றொரு பெயர் இருக்கிறதே. வீட்டுக் கூரை இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் வைக்கோலும் நாருமாகத் திணித்துக் கூடு கட்டி, மனிதரை அண்டியே வாழ்கிற பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அடைக்கலத்துக்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், பெறுபவர் ஒருவர் வேண்டும். காட்டையும் ஏரியையும் உயிர்களுக்கு நாம் கொடுத்ததாகச் சொல்வது கொஞ்சம் அதிகப்படி. புகலிடத்தில் அந்தக் கடன் கணக்கு இல்லை.

புகலிடம் என்றால் புலம்பெயர்ந்தோர் வாழும் நாடு என்றல்லவா பொருள், குழப்பம் வராதா என்று கேட்பார்கள். புகலிட இலக்கியம், அரசியல் புகலிடம் என்பவை நன்கு ஊன்றிய வழக்குகள்தாம். ஆனால் பறவைப் புகலிடம், தேவாங்குப் புகலிடம் என்று முன்னால் உயிரின் பெயரைச் சேர்த்துவிட்டால் யாரும் தடுமாறப் போவதில்லை. எல்லா உயிர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் காட்டுயிர்ப் புகலிடம். வனவிலங்கு என்றால் பறவையும் பாம்பும் பட்டாம்பூச்சியும் வெளியே நின்றுவிடும்.

குழப்பம் உண்மையில் வேறு இடத்தில் இருக்கிறது. செய்திகளில் சரணாலயம், தேசியப் பூங்கா, காப்பகம் மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்து விழுகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவை தனித்தனி. சரணாலயத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் சில உரிமைகளைத் தொடர அனுமதிக்க வழி உண்டு. கால்நடை மேய்ச்சலைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் கட்டுப்படுத்தலாம் அல்லது தடுக்கலாம். தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கே இடமில்லை. புலிகள் காப்பகம் 2006 சட்டத் திருத்தத்தில் வந்த தனி ஏற்பாடு. அதற்கு உள்மண்டலம், வெளிமண்டலம் என்ற பிரிவுகள் உண்டு. ஒரே காடு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைச் சுமப்பதும் உண்டு. முதுமலை 1940இல் சரணாலயம் ஆனது, 2007இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஆகவே சரணாலயத்துக்குத் தமிழ் தேடும்போது காப்பகம் என்று எழுதிவிடக் கூடாது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

புகலிடம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பொருந்துகிறதா என்றால், இல்லை. வேடந்தாங்கலுக்குக் கச்சிதம். பருவத்துக்குப் பருவம் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் தாமாகவே வந்து புகுகின்றன, ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு வைக்கின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. பறவைகளை யாரும் சுடாமல் ஊர்க்காரர்கள் காத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் அதற்கு எழுத்தில் உறுதி வாங்கிய ஊர் அது. தாங்கல் என்றால் அந்த வட்டாரத்தில் ஏரி என்றே பொருள்.

கடவூர் கதை வேறு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைத் தேவாங்குக்காக 2022இல் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் அது. பெரிய உருண்டைக் கண்ணோடு, இரவில் கிளையை இறுகப் பற்றி மெல்ல நகர்ந்து பூச்சி பிடிக்கும் அந்தச் சின்ன உயிர் எங்கிருந்தும் வந்து புகுந்ததில்லை. அறிவிப்புக்கு முன்பே அங்கேதான் இருந்தது. அதற்கு அது வாழிடம். சட்டம் செய்ததெல்லாம் அந்த வாழிடத்தைச் சுற்றிக் கோடு போட்டதுதான். அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே, அதற்குத்தான் புகலிடம். இரண்டையும் ஒரே பொருளில் எழுதினால், அறிவிக்கப்படாத காடுகளும் சதுப்புகளும் உயிர்களின் வாழிடமே இல்லை என்றாகிவிடும். அழியும் நிலையில் உள்ள பல உயிர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியிலும் வாழ்கின்றன.

இதே குடும்பத்தில் பாதுகாப்பகம் என்று இன்னொன்றும் உண்டு. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022இல் கடற்பசு பாதுகாப்பகம் ஆனது; மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் உயிருக்கானது அது. சட்டத்தில் இதுவும் சரணாலயம் அல்ல. காப்பகம், பாதுகாப்பகம் என்று இரண்டெழுத்து வித்தியாசத்தில் இரண்டு வேறு ஏற்பாடுகளைப் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை மாற்றும்வரை, அரசாணையில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவதே வழி.