கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை: ஊரிலேயே என்ன நடக்கிறது, உங்கள் உரிமை என்ன?

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்கிறீர்கள். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்த பிறகு, விரல் நுனியில் ஒரு குத்து குத்தி இரண்டு சொட்டு இரத்தம் எடுப்பார். எச்.ஐ.வி. பரிசோதனை அதில்தான். துணை சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம், காசு கிடையாது, அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். இதற்காக யாரும் நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

‘எனக்கு எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எழுதியிருந்த காலத்தில், நோயின் பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது யாரோ ஊர் சுற்றும் ஆணின் நோய் என்ற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது. வீட்டை விட்டு வெளியே போகாத மனைவிக்கும் தொற்று வரலாம், அவர் மூலம் குழந்தைக்கும் போகலாம் என்பது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகிய மூன்று கட்டங்களிலும் சேர்த்து நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று ஏற்படலாம். சிகிச்சை ஒழுங்காக நடந்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

விரல் குத்திப் பார்ப்பது முதல் சல்லடை மட்டும்தான். அதில் சந்தேகம் வந்தால் ‘எச்.ஐ.வி. இருக்கிறது’ என்று செவிலியர் சொல்லக்கூடாது. அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை மாட்டிய அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வேறு வேறு கிட்டுகளால் மறுபடி சோதித்த பிறகே முடிவு உறுதியாகும். தொற்று ஏற்பட்ட புதிதில் சோதனையில் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு இரத்தம் எடுக்கும் முன் உங்களிடம் கேட்டாக வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுக்க முடியாது. எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஆனால் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

தொற்று உறுதியானால், எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து தொடங்குவார்கள். இப்போது தருவது பெரும்பாலும் தினம் ஒரே ஒரு மாத்திரை. செலவு அரசுடையது, வாழ்நாள் முழுவதும். பிரசவத்தோடு நிறுத்திவிடக்கூடாது. தொற்று இருந்தால் ஆபரேஷன்தான் என்பதும் பழைய நினைப்பு. வேறு காரணம் இல்லையென்றால் சுகப்பிரசவமே பார்க்கலாம்.

கணவரையும் அழைத்து வரச் சொல்வார்கள். இங்கேதான் பல வீடுகளில் சிக்கல் தொடங்குகிறது. கர்ப்பிணி என்பதால் மனைவிக்குத்தான் முதலில் சோதனை நடக்கிறது. முதலில் தெரிந்தவர் மேல்தான் பழி விழுகிறது. யாருக்கு முதலில் வந்தது என்று அந்தச் சோதனை சொல்லாது. சொன்னால் அடி விழும், வீட்டை விட்டு விரட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் ஆலோசகரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட நிலையில் மருத்துவர் தாமாகக் கணவருக்குத் தெரிவிக்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி மனைவியைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றவும் முடியாது.

அப்புறம், மருத்துவச்சிகள். 1977-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஊரக சுகாதாரத் திட்டத்தில், ஊரில் பேறுகாலம் பார்த்து வந்த பெண்களுக்கு 30 வேலை நாள் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாடம், மற்ற நாட்களில் செவிலியரோடு வீடு வீடாக நடை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, சுத்தமான விரிப்பு, புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், தொப்புள்கொடியில் எதையும் பூசாமல் விடுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். தொப்புள்புண் ஜன்னியை (டெட்டனஸ்) தடுக்கச் சொன்ன அதே புது பிளேடுதான் எச்.ஐ.வி.க்கும் பொருந்தியது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால் அவர்கள் வேலை மாறிவிட்டது. மலைக்கிராமங்களில் வழியிலேயே பிரசவமாகிவிடும் ஆபத்து இருப்பதால்தான், நாள் நெருங்கியதும் வந்து தங்க சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அப்படியும் அவசரத்தில் பிரசவம் பார்க்க நேர்ந்தால், யாருக்கு என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் எல்லாருக்கும் கையுறை போட்டே பார்க்க வேண்டும். கை குத்திக்கொண்டாலோ வெட்டுக்காயத்தில் இரத்தம் பட்டாலோ சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், 28 நாள் சாப்பிட வேண்டும்.

மருத்துவச்சி பாட்டியால் இன்றும் ஆகக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு: சேனை வைப்பதைத் தடுப்பது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சீனித்தண்ணீரோ தொட்டு வைப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லதில்லை. தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு இன்னும் மோசம். தாய்ப்பாலோடு வேறு எதுவும் கலந்து கொடுத்தால் குடலின் உட்பகுதி புண்ணாகித் தொற்று நுழைய வழி கிடைக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தாய் மாத்திரையை விடாமல், குழந்தைக்கு நெவிரபின் சொட்டு மருந்து குறைந்தது ஆறு வாரம். ‘நாக்குல வெறும் ஒரு சொட்டுதானே’ என்று மாமியார் சொன்னால், செவிலியர் சொல்லி எடுபடாதது மருத்துவச்சி சொன்னால் எடுபடும்.

இந்தத் திட்டம் எங்கே அறுந்துபோகும் என்று கேட்டால், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் நாளில் என்பேன். ஊர் மாறுகிறது, செவிலியர் மாறுகிறார், மாத்திரை தீர்ந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாத பெண் மாத்திரையை மறைத்துச் சாப்பிட வேண்டும். எனவே கிளம்பும் முன்பே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி, கூடுதல் நாட்களுக்கான மாத்திரையும், தாய்வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மையத்துக்கு மாற்றுச் சீட்டும் கேளுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணும் தாய் சேய் அட்டையும் கையில் இருக்கட்டும்.

குழந்தைக்கு முதல் சோதனை ஆறாவது வாரத்தில். குதிகாலில் குத்தி இரத்தத்தை அட்டையில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அது நல்லபடியாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், கடைசியாக 18-ஆம் மாதம் என்று பார்த்த பிறகே குழந்தை தப்பியது உறுதி.

யாராவது உங்கள் முடிவை வெளியே சொன்னாலோ, சிகிச்சை தர மறுத்தாலோ, மாநில அளவில் உள்ள குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். 30 நாளில் அவர் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது என்பதை மாவட்ட எய்ட்ஸ் தடுப்புப் பிரிவில் கேட்கலாம். யாரிடமும் நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அடியுங்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.