ஒட்டாக்கு: தங்கள் வீடு பித்தர் ஆன கதை

ஜப்பானிய மொழியில் ‘தக்கு’ என்றால் வீடு. அதற்கு முன்னால் ‘ஒ’ என்ற மரியாதை எழுத்தைச் சேர்த்தால் ‘தங்கள் வீடு’ என்று பொருள். ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமே, படக்கதைகளான மங்கா பற்றி விடிய விடியப் பேசியும் பேச்சுத் தீராத நம் இளைஞர்கள் தங்களைப் பெருமையோடு ஒட்டாக்கு என்று சொல்லிக்கொள்கிறார்களே, அந்தச் சொல்லின் அடியில் இருப்பது இந்த வீடுதான்.

முதலில் ஒலி. ஜப்பானியர் வாயில் நடு எழுத்து நம் ‘த’வுக்கு நெருக்கமாக ஒலிக்கும். சொல் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்ததால் அது ‘ட’ ஆகிவிட்டது. அந்த வடிவமே பழகிவிட்டதால் நானும் ஒட்டாக்கு என்றே எழுதுகிறேன். ‘ஒட்டு’, ‘ஒட்டிக்கொள்’ என்னும் நம் சொற்களோடு இதற்கு எந்த உறவும் இல்லை. ஒன்றில் ஒட்டிக்கொண்டவர் ஒட்டாக்கு என்று விளக்கம் சொல்லத் தோன்றும். கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அது பிழை.

வீடு எப்படி ஆளைக் குறித்தது? தமிழர்களுக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. ‘இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று நம் பெரியவர்கள் கடிதம் எழுதினார்கள். அங்கே ‘அவ்விடம்’ என்பது ஊரல்ல, கடிதம் பெறுபவர். பெயரைச் சொல்லாமல், ‘நீ’ என்றும் சொல்லாமல், அவர் இருக்கும் இடத்தைச் சொல்வது ஒரு மரியாதை. மனைவி என்ற சொல்லிலேயே மனை இருக்கிறது. இல்லாள் என்பதில் இல் இருக்கிறது. ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பவர் சுவரைக் கேட்கப் போவதில்லை. ஜப்பானியரும் தம் மனைவியைக் குறிக்க ‘கனாய்’ என்பார்கள்; ‘வீட்டினுள்’ என்று அதற்குப் பொருள். ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘அனாத்தா’ என்ற சொல்லும் பழைய வழக்கில் ‘அந்தப் பக்கம்’ என்பதையே குறித்தது.

எனவே ‘ஒட்டாக்கு’ முதலில் ஒரு முன்னிலைச் சொல். அக்கம்பக்கத்துக் குடும்பத்தலைவிகள் ஒருவரையொருவர் விசாரிக்கும்போது சொல்லும், சற்று விலகி நின்று மதிக்கும் ‘தாங்கள்’. அது இளைஞர்கள் வாய்க்கு வந்த விதம்தான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1975 டிசம்பர் 21 அன்று தோக்கியோவில் ‘காமிக் மார்க்கெட்’ என்னும் சந்தை முதன்முறையாகக் கூடியது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட இதழ்களை விற்கும் இடம் அது. அன்று வந்தவை 32 குழுக்கள். கூடியவர்கள் சுமார் 700 பேர். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. அங்கே எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது, ஊர் தெரியாது, வயதும் தெரியாது. ஆனால் ஒரே தொடரை இருவரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் எதிரில் இருப்பவரை அழைக்கும் சொல்லே உறவின் அளவைக் காட்டிவிடும். ‘கிமி’ என்றால் அதிக நெருக்கம். ‘ஒமாயே’ என்றால் முரட்டுத்தனம். இந்தச் சிக்கலில் கூச்சம் மிகுந்த அந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது, தம் தாய்மார்கள் பேசிக் கேட்ட ‘ஒட்டாக்கு’. ‘அந்தத் தொடரின் முதல் பாகம் தங்கள் இல்லத்திடம் இருக்கிறதா?’ என்று பதினைந்து வயதுப் பையன் இன்னொரு பையனைக் கேட்பதைக் கற்பனை செய்துபாருங்கள். விலகலும் மரியாதையும் தாகமும் ஒன்றாகக் கலந்த பேச்சு அது.

அறிவியல் புனைகதை ரசிகர்களிடையேயும் இந்த வழக்கு இருந்தது. 1982இல் ஒளிபரப்பான ‘மாக்ரோஸ்’ அனிமே தொடரில் நாயகன் ஹிக்காரு, நாயகி மின்மேயை ‘ஒட்டாக்கு’ என்று விளித்துப் பேசுவான். தொடரை உருவாக்கியவர்களும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த இளைஞர்களே.

விளிச்சொல் பெயர்ச்சொல்லாக மாறிய ஆண்டு 1983. ‘மங்கா புரிக்கோ’ என்னும் இதழில் நக்காமோரி அக்கியோ என்ற எழுத்தாளர் ‘ஒட்டாக்கு ஆய்வு’ என்று ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். காமிக் மார்க்கெட்டில் கூடியவர்களின் உடை, நடை, உடல்வாகு எல்லாவற்றையும் ஏளனம் செய்து, ஒருவரையொருவர் ‘ஒட்டாக்கு’ என்று அழைத்துக்கொள்ளும் இவர்களுக்கு அதையே பெயராக வைத்துவிடலாம் என்றார். ஒரு சமூகத்தின் மரியாதைச் சொல்லைப் பிடுங்கி அதன் மேலேயே எறிந்தது கொடுமையான செயல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதழின் ஆசிரியர் ஒத்சுகா எய்ஜிக்கும் அது பிடிக்கவில்லை. பத்தி நெடுநாள் ஓடவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. எழுத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. ‘வீடு’ என்று பொருள்தரும் சீன வழிச் சித்திர எழுத்தை விட்டுவிட்டு, வெறும் ஒலியெழுத்தில் சொல்லை எழுதினார்கள். அதனால் கண்ணுக்கு வீடு மறைந்துபோய், ஆள் மட்டும் மிஞ்சினார்.

1989இல் நிலைமை இன்னும் மோசமானது. சிறுமிகளைக் கொன்ற ஒருவன் அந்த ஆண்டு பிடிபட்டபோது, அவன் அறையில் குவிந்திருந்த ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்களின் படம் நாடெங்கும் வெளியானது. பத்திரிகைகள் அவனை ‘ஒட்டாக்கு கொலைகாரன்’ என்றன. ஒருவன் செய்த குற்றத்துக்காக, மங்கா சேர்த்துவைத்த பிள்ளைகள் அனைவரும் பல ஆண்டுகள் தலைகுனிந்து நடக்க நேர்ந்தது.

சொல்லைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஒக்காதா தோஷியோ. ‘கைனாக்ஸ்’ அனிமே நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், 1996இல் ஒட்டாக்கு இயலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார்; தோக்கியோ பல்கலைக்கழகத்திலும் அதைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒட்டாக்கு என்பவர் பயிற்சி பெற்ற கண் உடையவர் என்பது அவர் வாதம். அது உண்மைதான். கனதா யோஷினோரி என்ற ஓவியர் வரைந்த சில விநாடிக் காட்சி ஒரு தொடரில் வந்தால், பெயர்ப்பட்டியலைப் பார்க்காமலே ‘இது கனதாவின் கை’ என்று சொல்லிவிடக்கூடிய ரசிகர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இன்றும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று பருவத்துக்குப் பருவம் புதிய தொடர்கள் தொடங்கும்போது, எந்தத் தொடர் எந்த நிறுவனத்தின் கையில், இயக்குபவர் யார், மங்காவில் எத்தனை அத்தியாயம் அனிமேயில் அடங்கும் என்று கணக்கிடும் பேச்சு அதே மரபின் தொடர்ச்சி.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒட்டாக்கு என்றால் அனிமே ரசிகர் மட்டும் அல்ல. ரயில் ஒட்டாக்கு உண்டு, கேமரா ஒட்டாக்கு உண்டு, ராணுவத் தளவாட ஒட்டாக்கு உண்டு. ஜப்பானுக்கு வெளியேதான் சொல் அனிமே, மங்காவுக்குள் சுருங்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ரசிகர்’ போதாது. ரசிகர் சுவைப்பவர், சுவைத்துவிட்டு எழுந்து போகலாம். ஒட்டாக்கு எழுந்து போகமாட்டார். ‘விசிறி’ என்று பழைய வார இதழ்கள் எழுதின. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரு சொற்களில் தவறானதைப் பெயர்த்ததால் வந்த வினை அது, விட்டுவிடலாம். ‘ஆர்வலர்’ அரசாணையில் வரும் சொல்லைப் போல ஆறிப்போயிருக்கிறது. ‘வெறியர்’ என்பதைச் சிலர் விரும்புகிறார்கள். சங்க இலக்கியத்தில் வேலன் முருகனுக்காக ஆடும் ஆட்டம் வெறியாட்டு, மூலம் புனிதமானதே. ஆனால் இன்று மதவெறி, சாதிவெறி, கொலைவெறி என்று ரத்தம் படிந்த சொற்களோடு சேர்ந்துவிட்டது. 1989ஐ நினைத்தால் அந்தச் சொல்லை ஒட்டாக்குவின் தலையில் வைக்க மனம் வரவில்லை.

என் பரிந்துரை ‘பித்தர்’. அந்த நிலைக்குப் பெயர் ‘பித்து’. புத்தகப் பித்து, சினிமாப் பித்து, கிரிக்கெட் பித்து என்று ஏற்கெனவே சொல்கிறோம். புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை. அனிமே பித்தர், மங்காப் பித்தர், ரயில் பித்தர் எல்லாம் இயல்பாக வரும். ஏளனத்தில் தொடங்கிப் பெருமையில் முடிந்த பயணம் இந்தச் சொல்லுக்கும் உண்டு. தம் திருமணத்தைத் தடுக்க ஓலையோடு வந்த முதியவரைச் சுந்தரர் ‘பித்தனோ’ என்று வைதார். வந்தவர் சிவன் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று தயங்கியபோது, ‘முன்பு பித்தன் என்றாயே, அப்படியே பாடு’ என்று அருள் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வசையாக வந்த சொல் சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல்லாக அமைந்தது. நக்காமோரியின் ஏளனப் பெயரைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

‘பித்தர்’ என்பதில் வீடு இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். ஜப்பானியரும் அதை எழுத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மூலப்பொருளைக் காட்ட வேண்டிய இடத்தில், அதாவது அந்தப் பழைய சந்தைக் காட்சியை மொழிபெயர்க்க நேர்ந்தால், ‘தாங்கள்’ என்று போடுங்கள். இன்னும் பழமை வேண்டுமானால் ‘அவ்விடம்’ இருக்கிறது. ‘அவ்விடத்தில் முதல் பாகம் இருக்கிறதா?’