மண்ணின் ஈரம் கைப்பேசிக்கு வரும் வழி

ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, அது உருண்டையாக நிற்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்தே பாசனத்திற்கு நாள் குறிப்பவர்கள் பண்ருட்டிப் பக்கம் இன்றும் உண்டு. வேர் மட்டத்தில் புதைக்கப்படும் ஈரப்பதச் சென்சாரும் ஏறக்குறைய அதே சோதனையை மின்சாரத்தைக் கொண்டு செய்கிறது.

சென்சாரின் உலோகப் பட்டைகள் ஒரு மின்தேக்கியாகவும் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு), சுற்றியுள்ள மண் அதன் காப்புப் பொருளாகவும் அமைகின்றன. மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன் காற்றுக்கு 1, காய்ந்த மண்ணுக்குச் சுமார் 3 முதல் 5, நீருக்கோ 80 என்பதால், மண் துகள்களின் இடுக்கில் காற்று விலகி நீர் புகுந்ததும் மின்தேக்குத்திறன் உயர, அந்த உயர்வே ஈரத்தின் அளவாகக் கணக்கிடப்படுகிறது.

எனினும் அளவு வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. கன அளவில் 20 விழுக்காடு நீர் பண்ருட்டியின் மணற்பாங்கான செம்மண்ணில் தாராளம். காட்டுமன்னார்கோயில் களிமண்ணிலோ நுண்துகள்கள் நீரை இறுகப் பற்றிக்கொள்வதால் அதே 20 விழுக்காட்டில் செடி வாடக்கூடும். கடலோர வயல்களில் உப்பும் குறுக்கிடுகிறது: மண்ணின் மின்கடத்தும் திறனை அது கூட்டுவதால், மலிவான சென்சார்கள் உள்ளதைவிட அதிக ஈரம் காட்டிவிடும். அந்தந்த மண்ணுக்கு அளவுதிருத்தம் செய்யாமல் கருவியை விற்றுவிட்டுப் போவதை நவீனமயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அளவீட்டை அனுப்பப் பெரும்பாலும் 'லோரா' என்னும் வானொலி முறை பயன்படுகிறது. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில பைட்டுகளை மட்டும் மெதுவாக அனுப்புவதால், சிறு பேட்டரியே நெடுநாள் தாங்கும். திறந்தவெளியில் சில கிலோமீட்டர் எட்டும் அலை, அடர்ந்த முந்திரித் தோப்பில் வலுவிழந்துவிடும். மண் காய்ந்ததாக அளவீடு காட்டினாலும், மோட்டார் கொட்டகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மும்முனை மின்சாரம் சீராக இருக்கிறதா என்று சோதித்த பிறகே பம்பை ஓட்டுகிறது; ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றி மின்னோட்டம் குறைந்தால் நிறுத்திவிடுகிறது.

பாகூர் நெல்வயலுக்கு வேறு கருவி வேண்டும். துளையிட்ட குழாயைச் சேற்றில் ஊன்றி, அதன் வாயில் பொருத்திய மீயொலிச் சென்சாரால் நீர்மட்டத்தை அளந்து, மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் நீர் பாய்ச்சுகிறார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். அதை அறியும் வழி குழாய்க்கு இல்லாததால், கதிர் வரும் நாளை விவசாயியே கைப்பேசிச் செயலியில் பதிகிறார்.